சுரங்கத்தை மூடிய பிறகு சரியும் மண்

2009 ஜூலை 18, விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் என்ற சிற்றூரில் ஏரிக்கரை சுமார் 350 மீட்டர் அகலத்துக்குப் பெயர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. கரையோர வீடுகளும் கூடவே போயின. மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் குடியிருப்பின் மற்ற குடும்பங்கள் அன்றே வெளியேற்றப்பட்டன. பழைய வீட்டுக்குத் திரும்பிப் போக யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

அது இயற்கையான ஏரி அல்ல, பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளம். 1991இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பள்ளத்தில் நீர் நிரப்பி, படகு விடவும் குளிக்கவும் ஏற்ற இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ராட்சத இயந்திரங்கள் ஓடிய காலத்தில் நின்ற சரிவு, எல்லாம் அடங்கிப் பல ஆண்டுகள் கழித்து ஏன் சரிய வேண்டும்?

காரணம், இயந்திரங்களோடு சேர்த்து பம்புகளும் நின்றுபோனதுதான். திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஆர்ட்டீசியன் நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு மேலே வரும். சுரங்கத்தை மூடினால் இறைப்பதும் நிற்கும். நீர் தன் பழைய மட்டத்துக்கு ஏறத் தொடங்கும். பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும்.

நீர் ஏறினால் மண் ஏன் பலமிழக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தரைமட்டம் வரை நீர் ஊறிய மணல். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 20 டன் எடை உட்கார்ந்திருக்கும். இதில் 10 டன்னை மணலிடையே நிற்கும் நீரின் அழுத்தம் தாங்கிக்கொள்கிறது. மிச்சம் 10 டன்தான் மணல்மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை. சரிவைப் பிடித்து வைத்திருப்பது மணிகளுக்கிடையே உள்ள உராய்வு. அது இந்த 10 டன்னில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆறரை டன். இப்போது அடியிலிருந்து இன்னும் 5 டன் நீரழுத்தம் கூடினால்? மேலே உள்ள எடை அப்படியே இருக்கிறது, சரிவின் சாய்வும் மாறவில்லை. ஆனால் பிடிமானம் பாதியாகிவிட்டது. கார்ல் டெர்சாகி 1925இல் தன் மண் இயக்கவியல் நூலில் வகுத்த கருத்து இது. நாக்டர்ஷ்டெட் விபத்தை ஆராய்ந்த நிபுணர்களும் முதன்மைக் காரணமாகக் காட்டியது, சரிவுக்கு அடியில் இருந்த நீர்ப்படுகையின் மிகையான அழுத்தத்தைத்தான்.

கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்தில் இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணை ராட்சதக் கன்வேயர் பாலங்கள் அள்ளிப்போய், வெட்டி முடித்த பக்கத்தில் உயரத்திலிருந்து கொட்டின. அப்படி விழுந்த மணல் பொலபொலவென்று, இடைவெளி நிறைய விட்டுத்தான் படியும். அளக்கும் படியில் கொட்டிய அரிசியை ஒரு தட்டுத் தட்டினால் இறங்கி அமர்வதைப் போல இந்த மணலும் அமரப் பார்க்கும். காய்ந்திருக்கும்வரை அதில் ஆபத்தில்லை. இடைவெளியெல்லாம் நீர் நிறைந்திருக்கும்போது சின்ன அதிர்வு வந்தாலும் மணிகள் நெருங்க முயலும், நீருக்கு வெளியேற நேரம் இருக்காது. மேலே உள்ள எடை முழுவதும் ஒரு நொடியில் நீரின் தலையில் விழுகிறது, மணிகளுக்கிடையே பிடிமானம் சுழியாகிறது. மணல் கூழாகி ஓடுகிறது. சரிவுகூட வேண்டியதில்லை. 2010 அக்டோபரில் அதே வட்டாரத்தின் ஸ்ப்ரேட்டால் பகுதியில், சீரமைத்துவிட்டதாக நினைத்திருந்த ஏறக்குறைய சமதளமான நிலத்தில் 100 ஹெக்டேருக்கும் மேலே குழம்பிப் போனது. லாரிகளும் ஆட்டுமந்தையும் அதில் மாட்டிக்கொண்டன.

சரி, இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? அது எந்த வகைச் சரிவு என்பதைப் பொறுத்தது. மெதுவாக நகரும் சரிவை இப்போது நன்றாகவே கண்காணிக்க முடிகிறது. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அசைவைக்கூடக் காட்டிவிடும், அடர்ந்த காடு மூடியிருந்தால் மட்டும் தடுமாறும். தரைக்கு அடியில் எங்கே நழுவுகிறது என்று பார்க்கச் சாய்வுமானி இருக்கிறது. ஆழத்துளையில் ஒரு குழாயைப் பதித்திருப்பார்கள், அதன் உட்சுவரில் மேலிருந்து கீழாக நான்கு பள்ளக்கோடுகள். அந்தக் கோட்டில் உருளும் சக்கரங்கள் பூட்டிய கருவியை அடிவரை இறக்கி, மேலே இழுக்கும்போது அரை மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திச் சாய்வைப் பதிவார்கள். அப்புறம் கருவியை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை. இரண்டையும் ஒப்பிட்டால் கருவியின் சொந்தப் பிழை கழிந்துவிடும். போன மாத வரைபடத்தின்மேல் இந்த மாதத்தை வைத்துப் பார்க்கும்போது, ஏதாவது ஓர் ஆழத்தில் கோடு சட்டென்று ஒடிந்திருந்தால் நழுவும் தளம் அங்கேதான்.

அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் செப்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று பிரம்மாண்டமான சரிவு விழுந்தது. ரேடார் காட்டிய வேகத்தைப் பார்த்து முன்பே ஆட்களை வெளியேற்றியிருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. அது பாறை, உடைவதற்கு முன் நெளிந்து காட்டியது. தளர்ந்த மணல் அந்த மரியாதையெல்லாம் பார்க்காது. நேற்றுவரை அசைவே இல்லாத நிலம் இன்று ஓடிவிடும். அதனால் இங்கே அசைவை மட்டும் அளந்துகொண்டு நிம்மதியாக இருப்பது, என் பார்வையில், தவறான இடத்தில் காவல் நிற்பது. அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீரழுத்தம்: வெவ்வேறு ஆழங்களில் பதித்த நீரழுத்தமானிகள். மற்றது, மணலின் இறுக்கம்: சுமார் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூம்பு முனையை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் மண்ணுக்குள் அழுத்தி, எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று பார்க்கும் சோதனை. வெண்ணெயில் போவது மாதிரி இறங்கினால் அந்த இடத்துக்கு வேலி போட வேண்டியதுதான்.

பழுது பார்ப்பதும் இந்த இரண்டையும் ஒட்டியே நடக்கிறது. தளர்ந்த மணலுக்கு மருந்து, அது தானாக அமர்வதற்கு முன் நாமே அமர்த்திவிடுவது. கிரேனில் தொங்கும் நீளமான அதிர்வுக் கம்பத்தை மண்ணுக்குள் இறக்குவார்கள். லவுசிட்ஸில் 50 மீட்டர் ஆழம்வரைகூடப் போயிருக்கிறார்கள். அடியில் சுழலும் எடை கம்பத்தைப் பக்கவாட்டில் உதற, சுற்றியுள்ள மணல் நெருங்கி அமரும். கம்பத்தைச் சுற்றித் தரையில் புனல் மாதிரி பள்ளம் விழும், அதில் மணலைத் தள்ளிக்கொண்டே மெல்ல மேலே இழுப்பார்கள். இப்படி வரிசை வரிசையாகச் செய்துபோனால் கரையோரத்தில் மண்ணுக்குள்ளேயே ஓர் அணை உருவாகிவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரைக்குப் பின்னால் உள்ள மணல் கூழானாலும் அதைத் தாண்டி ஏரிக்குள் போகாது. சில இடங்களில் துளைகளில் சிறு வெடிகளை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தும் மணலை அமர்த்துகிறார்கள். இதில் உள்ள சங்கடம், சரிசெய்யப் போகும் கனரக வண்டியின் அதிர்வே சரிவைத் தூண்டிவிடலாம். ஆகவே உறுதியான பக்கத்திலிருந்து தொடங்கி, அமர்த்திய நிலத்தில் நின்றபடிதான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

அடியில் உள்ள அழுத்தத்துக்குக் கிணறு தோண்டி நீரை வெளியேற்றுகிறார்கள். நாக்டர்ஷ்டெட்டிலும் அப்படித்தான் அழுத்தத்தைக் குறைத்தார்கள், சரிவையும் சாய்வு குறைத்துச் செதுக்கினார்கள். அந்த ஏரியின் ஒரு பகுதியை மக்களுக்குத் திறந்துவிட 2019 ஆகிவிட்டது. இன்னொன்று கேட்கும்போது விசித்திரமாக இருக்கும்: பள்ளத்தை ஆற்று நீரால் வேகமாக நிரப்புவது. நிலத்தடி நீர் தானாக ஊறட்டும் என்று விட்டால், அது சரிவின் வழியே பள்ளத்தை நோக்கிக் கசிந்து மணிகளையும் வெளியே தள்ளும். ஏரியின் மட்டம் முந்திக்கொண்டு உயர்ந்தால் நீரோட்டம் திசைமாறும். ஏரி நீர் சரிவைத் தாங்கிப் பிடிக்கும்.

கிணறும் கிரேனும் தேவைப்படாத இடங்களும் உண்டு. வேல்ஸ் நாட்டில் 2,500க்கும் மேற்பட்ட பழைய நிலக்கரிக் கழிவுமேடுகள் மலைச்சரிவுகளில் நிற்கின்றன. அபர்வானில் 1966 அக்டோபர் 21 அன்று 116 குழந்தைகள் உட்பட 144 பேரைக் கொன்ற மேடு, நீரூற்றுகளின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மேட்டின் ஒரு பகுதி ஆற்றுக்குள் சரிந்தது. இத்தகைய மேடுகளில் பெரும்பாலான பாதுகாப்பு, வடிகாலைச் சுத்தமாக வைப்பதில்தான் இருக்கிறது. மழைநீர் மேட்டுக்குள் புகாமல் மேலேயே திருப்பிவிடும் கால்வாய், உள்ளே புகுந்ததை வெளியேற்றும் குழாய், இவற்றில் அடைத்த இலை, கல், வண்டல் எல்லாவற்றையும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் ஆள் போய் எடுக்க வேண்டும். யாரும் திறப்புவிழா நடத்தாத வேலை என்பதால் செலவுக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். பரிசோதகர் அங்கே நின்று குழாயிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்று பார்ப்பதோடு, அதன் நிறத்தையும் பார்ப்பார். தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக வந்தால் மேட்டின் உள்மண் அரித்து வெளியே வருகிறது என்று பொருள். வழக்கமாக வரும் நீர் மழைநாளில் திடீரென்று நின்றுபோனாலும் கெட்ட சேதிதான்: எங்கோ அடைத்துக்கொண்டு, நீர் உள்ளே தேங்கத் தொடங்கிவிட்டது.