செலவைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்

"நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன் டாக்டர்." நாய்க்குச் சிகிச்சை செய்ய எவ்வளவு ஆகும் என்று சொன்னதும், கால்நடை மருத்துவரான நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. அப்படிப் போகிறவர்களில் பலர் மறுநாள் வருவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வரும்போது நாயால் எழுந்து நிற்கவே முடியாது. பாசம் குறைவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. கையில் பணம் இல்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பெரும்பாலான நோய்களுக்கு ஒரே ஒரு வழிதான் என்பதில்லை. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி விடாமல் வாந்தி எடுக்கும், ரத்தமாகக் கழியும். அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றுவதுதான் சிறந்தது. முடியாதவர்களுக்கு? அமெரிக்காவின் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நரம்பு வழியே டிரிப்ஸ் கொடுத்துத் தேற்றினார்கள். அப்புறம் பாதி நாய்களுக்கு அட்மிட் செய்து பார்க்கும் முழு சிகிச்சை. மீதிக்குத் தோலுக்கடியில் திரவம், வாந்தி நிற்க ஊசி, ஒரு ஆன்டிபயாடிக் என்ற எளிய முறை. முதல் பிரிவில் 90 சதவீதம் பிழைத்தன, இரண்டாவதில் 80. வித்தியாசம் உண்டுதான். ஆனால் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் வைத்திருந்தால் பெரும்பாலான குட்டிகள் தப்பாது.

கருத்தடை செய்யாத ஒரு லேப்ரடாரைக் கூட்டி வந்தார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். ஹீட், அதாவது இனச்சேர்க்கைப் பருவம், முடிந்து ஒரு மாதம். வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். உட்கார்ந்ததுமே, "என்கிட்ட இவ்வளவுதான் சார் இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை மேசையில் வைத்தார். அதனால் அவசியமான ரத்தப் பரிசோதனையை மட்டும் எடுத்து, டிரிப்ஸ் போட்டு, கடிதம் எழுதி அன்றே சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப முடிந்தது. அங்கே அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறது.

காசை மிச்சம் பிடிக்க நம் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

பில்லைப் பார்த்துத் திகைத்தால், "இதில் இன்றே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப்போனால், எடுத்த பரிசோதனைக்கே மறுபடி செலவழிக்க வேண்டியிருக்காது.