அலையாத்தி நடட்டும், ஓடையில் நண்டு பிடிக்கும் உரிமையை எழுதி வாங்குங்கள்

தேவகோட்டைச் சந்தைக்கு நண்டு கொண்டுவரும் ஓர் அக்கா, கூடைக்கு அடியில் மடித்த மனு ஒன்றும் வைத்திருந்தார். தொண்டிக் கரையில் அலையாத்தி, அதாவது கடலோரச் சேற்றில் வளரும் மரத்தின் கன்று நட்ட ஓடையில் இனி இறங்கக் கூடாது என்று விரட்டிவிட்டார்களாம். மனுவோடு தேவகோட்டையில் ஓர் ஆபீசுக்கு மூன்று நடை. மூன்றாவது நடையில்தான் "இது எங்கள் மாவட்டமே இல்லை" என்றார்கள். தொண்டிக் கரை ராமநாதபுரம், தேவகோட்டை சிவகங்கை, சரிதான். முதல் நாளே சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

அலையாத்தி வளர்ந்தால் நண்டு, இறால் பெருகும், புயல் அலையின் வேகம் குறையும், அடிச் சேறு கார்பனைப் பிடித்து வைக்கும். அதற்காக 2023 ஜூனில் மத்திய அரசு தொடங்கியதுதான் 'மிஷ்டி' என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டம். இதில் யார் கணக்கிலும் மானியம் விழாது. வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகலும் பணமும் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஊரக வேலைத் திட்டத்தில் நடவு நடந்தால் கூலி உண்டு. ஆனால் அதற்கான வேலை அட்டை ஊராட்சிக்காரருக்கு மட்டும். தொண்டி போன்ற பேரூராட்சியில் வீடு என்றால் கிடையாது.

கூலி நாலு நாளில் தீரும். ஓடையை விட்டுவிடாதீர்கள். வனநிலத்து நீரில் மீன், நண்டு பிடிப்பது 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(டி) பிரிவில் சமூக உரிமை. "அது பழங்குடியினருக்கு" என்பார்கள். மற்றவர்களுக்கும் உண்டு, 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். "காட்டுக்குள்ளேயா குடியிருந்தீர்கள்?" என்று கேட்டால் தயங்காதீர்கள். பிழைப்புக்கு நம்பியிருந்தாலே போதும் என்று மத்திய அமைச்சகமே விளக்கியிருக்கிறது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்கும். சமூக உரிமை கேட்கும் 'பி' படிவத்தை, கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவிடம் கொடுத்து, ரசீது கையில் வரும்வரை நகராதீர்கள். கோரிக்கையில் சேராத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். அது மட்டும் போதாது. பழைய ரேஷன் கார்டு மாதிரி இன்னொன்றும் வையுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் தலை எண்ணுங்கள். சபை உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும், உரிமை கேட்பவர்களிலும் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கலையும் ஆகஸ்ட் 15 கூட்டத் தீர்மானத்தை மேலே உள்ள உட்கோட்டக் குழுவில் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவு வந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் அடுத்து உள்ள மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு போக வேண்டும்.