செக் டிஸ்க் போட்டால் ஹார்டு டிஸ்க் சரியாகிவிடாது

இந்த வாரம் மேசைக்கு வந்த ஹார்டு டிஸ்க் ஓர் ஆய்வு மாணவியுடையது. சில நாட்களாகவே கணினி மெதுவாகிக்கொண்டு வந்திருக்கிறது. குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுமாம். விவரம் தெரிந்தவர் என்று அவர் நம்பிய ஒருவர், "செக் டிஸ்க் போட்டு ராத்திரி முழுக்க விட்டுடு, காலையில சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் விட்டிருக்கிறார். காலையில் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. "வேற எங்கயாவது காப்பி இருக்காம்மா?" என்று கேட்டேன். இல்லை.

ஆள் மட்டும் மாறி இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. முந்தைய நாள் இரவு கணினியை அணைத்துவிட்டு எடுத்து வந்திருந்தால் பெரும்பகுதியை எடுத்திருக்கலாம் என்று சொல்லும்படி ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

செக் டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் சோதனைக் கருவி. அது பழுது பார்ப்பது ஹார்டு டிஸ்க்கை அல்ல, ஃபைல் சிஸ்டத்தை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கின்மேல் எழுதி வைத்திருக்கும் பதிவேடுதான் ஃபைல் சிஸ்டம். கரண்ட் போய் கணினி சட்டென்று அணைந்ததில் அந்தப் பதிவேடு குழம்பியிருக்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். டிஸ்க்கே தேய்ந்து போயிருக்கும்போது போட்டால் இரண்டு வகையில் கெடுதல்.

முதலாவது, செக் டிஸ்க் கட்டளையோடு '/ஆர்' சேர்த்துப் போடுகிறார்களே, அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும், அதாவது டேட்டா எழுதப்படும் ஒவ்வொரு சிறு துண்டையும், படித்துப் பார்க்கும். படிக்க முடியாத செக்டார் வந்தால் டிஸ்க் அதையே மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். டிஸ்க்கின் சுழலும் தட்டைப் படிக்கும் முனையான ஹெட், பழுதான நிலையில் கெட்டுப்போன இடத்தின்மேல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். காலி இடத்தையும் விடாமல் படிக்கும். உங்கள் ஆய்வேடு இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஹெட் போய்விடலாம்.

இரண்டாவது இதைவிட மோசம். செக் டிஸ்க் எழுதும். படிக்க முடியாத பதிவைப் 'பிழை' என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிட்டு, பதிவேட்டைத் தன் கணக்குக்குச் சரி செய்யும். அதற்குத் தேவை பதிவேடு குறையில்லாமல் இருப்பது, உங்கள் ஃபைல் இருப்பது அல்ல. முடிந்தபின் டிஸ்க்கில் ஃபவுண்டு.000 என்று ஒரு ஃபோல்டரும் உள்ளே ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசையாகத் துண்டுகளும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் போய், இருந்த ஃபோல்டர் போய், மிஞ்சியவை அவை. பல சமயம் டிஸ்க்கின் பழுதைச் சமாளித்துவிடுகிறோம். இந்தத் 'திருத்தத்தை'ச் சமாளிப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: "ஃபுல் ஃபார்மட் பண்ணினேன் சார், பேட் செக்டார் எல்லாம் போயிடுச்சு." போகவில்லை. படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் 'நிலுவை' என்று குறித்து வைத்திருக்கும். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதினால், எழுத்து நிற்கிறதா என்று பார்க்கும். நின்றால் நிலுவையிலிருந்து எடுத்துவிடும். நிற்காவிட்டால் கையிருப்பில் உள்ள வேறொரு செக்டாரை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதுவது. அதனால்தான் நிலுவைக் கணக்கு பூஜ்ஜியமாகிறது. பழுதுக்குக் காரணமான ஹெட்டும் தட்டும் அப்படியேதான் இருக்கின்றன. அடியில் இருந்த உங்கள் ஃபைல்கள் மட்டும் நிரந்தரமாகப் போய்விட்டன. பூஜ்ஜியம் எழுதிய இடத்திலிருந்து யாராலும் எதையும் மீட்டுத் தர முடியாது. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டாலும் சரி, தயவுசெய்து 'கேன்சல்' அழுத்துங்கள்.

டிஸ்க் போகிறதா என்று பார்ப்பது எப்படி? ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் போதும். மேலே 'குட்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். வரிகளுக்கு எண் இருக்கும், அதைக் கொண்டு மூன்று வரிகளைப் பாருங்கள்: மாற்றி வைத்த செக்டார்களுக்கு 5, நிலுவையில் உள்ளவற்றுக்கு 197, படிக்கவே முடியாதவற்றுக்கு 198. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இவை 05, சி5, சி6 என்று இருக்கும். மதிப்புகளையும் அது பதினாறடிமான எண்ணில்தான் (0-9, ஏ-எஃப்) காட்டும், அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். கடைசி நெடுவரிசையில் உள்ள மூல மதிப்பு பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், அன்றைக்கே காப்பி எடுங்கள். நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

199, அதாவது சி7 ஏறுகிறதா? பெரும்பாலும் கேபிள்தான். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிவிட்டுப் பாருங்கள். பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரி. கேபிள் கோளாறுக்கு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் பெரிய பெரிய எண்கள் தெரியும். அது அவர்கள் கணக்கு வைக்கும் முறை, பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் பிழை இருந்தால், பேட் செக்டார் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், காட்டாததைவிட அடுத்த 60 நாட்களுக்குள் போவதற்கான வாய்ப்பு 39 மடங்கு. காட்டினால் நம்புங்கள். காட்டவில்லை என்பதை நம்பாதீர்கள்.

அப்புறம், வரிசை. முதலில் காப்பி, சோதனையெல்லாம் பிறகு. டிஸ்க் இன்னும் தெரிகிறது, மெதுவாக இருக்கிறது, சத்தம் இல்லை என்றால், இழக்கவே முடியாததை முதலில் எடுங்கள். சினிமாவையும் பாட்டையும் முதலில் இழுத்துக்கொண்டு உட்காராதீர்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்தும் வைக்கும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்குப் பிறகு செக் டிஸ்க் போட வேண்டுமென்றால் பிரதியின்மேல் போடுங்கள்.

டக் டக் சத்தம் வந்தாலோ, கீழே விழுந்திருந்தாலோ, நனைந்திருந்தாலோ ஒன்றும் செய்யாதீர்கள். கரண்டை எடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை" வேண்டாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் பனிக்கும். தட்டாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள், ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி, அங்கே ஒரு தூசி நுழைந்தால் போதும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது, அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் அதனதன் போர்டிலேயே இருக்கின்றன. எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் உறையோடும் கேபிளோடும் கொண்டு வாருங்கள். சிலவற்றில் உறைக்குள் இருக்கும் சின்னப் போர்டுதான் டேட்டாவைக் குறியாக்கம் செய்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் டிஸ்க்கோடு வருபவர்களிடம் நான் என்ன சொல்வது?

மாற்றுவது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பில் இரண்டரை அங்குல டிஸ்க் என்றால் தடிமன் 7 மில்லிமீட்டரா, 9.5ஆ என்று பார்த்து வாங்குங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில், எம்.2 என்ற சின்னப் பலகை வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கணினியின் கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நோயுற்ற டிஸ்க்கை விண்டோஸோடு சேர்த்துக் குளோன் செய்தால் (அப்படியே பிரதி எடுத்தால்), கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களும் கூடவே வரும். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு உங்கள் ஃபைல்களை மட்டும் கொண்டு வருவதுதான் எனக்குப் பிடித்த வழி.

எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அது சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்று வரை ஓடியது இன்று தெரியவே தெரியாமல் போகலாம். அழித்த ஃபைலின் இடத்தை எஸ்எஸ்டி தானே காலி செய்துவிடும் டிரிம் வசதி இருப்பதால் அழித்த ஃபைலை மீட்பதும் பெரும்பாலும் நடக்காது. எதைப் போட்டாலும் இரண்டாவது காப்பி வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். முடிந்தால் மூன்றாவது வேறொரு இடத்தில். அதே டிஸ்க்கின் டி டிரைவில் வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். புதியதில் ஃபைல்களின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. படங்களையும் ஆவணங்களையும் அங்கங்கே திறந்து பாருங்கள், பெரிய வீடியோக்களைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் திறக்கிறது என்று தெரியும்வரை பழையது அலமாரியில் இருக்கட்டும், கணினியில் மாட்டாமல்.