எண்ணே பதிக்காத துப்பாக்கி

அமெரிக்காவில் குற்றம் நடந்த இடத்தில் சிக்கிய துப்பாக்கி எங்கள் தடய அறிவியல் கூடத்துக்கு வந்தால், முதலில் தேடுவது தொடர் எண்ணைத்தான். அந்த எண் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும், மத்திய அரசின் துப்பாக்கிக் கண்காணிப்புத் துறையான ஏடிஎஃப்பின் மையத்துக்குப் போகும். தயாரித்த நிறுவனம், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று வரிசையாக விசாரித்து, கடையில் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிப்பார்கள். கம்ப்யூட்டரில் தட்டினால் பெயர் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, மத்திய அரசு உரிமையாளர் பதிவேடு வைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

எண்ணை ராவி அழித்திருந்தாலும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. உலோகத்தில் எண்ணை அழுத்திப் பதிக்கும்போது, பள்ளத்துக்கு அடியிலும் உலோகம் இறுகிப்போகும். மேற்பரப்பை வழவழப்பாக்கி, பஞ்சில் அமிலக் கரைசலைத் தொட்டுத் தடவிக்கொண்டே இருந்தால், இறுகிய இடம் மட்டும் வேறு மாதிரி அரிக்கும். மங்கலாக ஒரு 3 எழும், அல்லது அது 8ஆகவும் இருக்கலாம். உடனே படம் எடுத்துவிட வேண்டும், அடுத்த தடவலில் அது மறைந்தும் போகலாம்.

கிட் எனப்படும் உதிரிபாகத் தொகுப்பை வாங்கி வீட்டில் கோத்த துப்பாக்கியில் இந்த வித்தை பலிக்காது. பதித்திருந்தால்தானே மீட்பதற்கு! மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியான பிளாஸ்டிக் ஃபிரேமில் கையால் துளை போட்ட தடமும் ராவிய பிசிறும்தான் இருக்கும். சுட்ட தோட்டாவின் காலி உறையில் விழுந்த கீறல்களை வைத்து, இதே துப்பாக்கி வேறெங்கும் சுட்டிருக்கிறதா என்று ஒப்பிடலாம். யார் வாங்கியது என்பதற்குத்தான் வழியில்லை.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். அமெரிக்க மத்திய சட்டம் அப்படி இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி எண் பதிக்க வேண்டியவர்கள் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும்தான். சொந்த உபயோகத்துக்குச் செய்பவர் பதிக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியில்தான் கிட் வியாபாரம் நுழைந்தது. முழுசாக முடிக்காத ஃபிரேம் துப்பாக்கியே அல்ல என்று சொல்லி, வாங்குபவரின் பின்னணியைப் பார்க்காமலே விற்றார்கள். தடம் தேடச் சொல்லிக் காவல்துறைகள் அனுப்பிய, தொடர் எண் இல்லாத துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600. 2021இல் 19,000க்கும் மேல். 2019இல் கலிஃபோர்னியாவின் சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் இரண்டு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதும் கிட் துப்பாக்கியால்தான்.

2022இல் ஏடிஎஃப் புது விதி போட்டது: சுலபமாகத் துப்பாக்கியாக்கக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான், விற்பவருக்கு உரிமம், ஃபிரேமில் எண், வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் 7–2 என்ற கணக்கில் விதி நிலைத்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி கோர்சச். ஒரு கிட்டை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் 21 நிமிடத்தில் அதைத் துப்பாக்கியாக்கியதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று நியாயம்தான்: வீட்டில் துப்பாக்கி செய்வது அந்த நாட்டில் பழைய பழக்கம். ஆனால் மத்திய விதி அதைத் தடுக்கவில்லை. குற்றவாளி சட்டத்தை மதிப்பானா என்று அவர்கள் கேட்கும் கேள்விதான் எனக்கு ஒட்டவில்லை. இந்த விதி பிடிப்பது அவனை அல்ல, அவனுக்குப் பார்சல் அனுப்பும் வியாபாரியை.

3டி பிரிண்டரில் எடுத்த ஃபிரேம் விஷயத்தில் எனக்கும் பதில் இல்லை. அங்கே கணினிக் கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும், ஃபிரேமை விற்பவர் என்று ஒருவர் கிடையாது. மத்திய சட்டம் துப்பாக்கியாகப் பார்ப்பது அந்த ஃபிரேமைத்தான். குழலையும் மற்ற உதிரிகளையும் மத்திய அளவில் சோதனை இல்லாமலே இன்றும் வாங்கலாம்.