காலி ஆம்புலன்ஸுக்கும் வழி விடுங்கள்

"உள்ளே ஆளே இல்லையே, அப்புறம் எதுக்கு சைரன்?" போன வாரம் நெடுஞ்சாலை நெரிசலில் ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி எங்கள் டிரைவரிடம் கேட்டார். கேட்டதோடு சரி, நகரவில்லை. ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை டெக்னீஷியனாக வேலை செய்யும் எனக்கு இது புதிய கேள்வி இல்லை. ஆனால் இனியும் பொறுக்க முடியாது.

நோயாளியை ஏற்றப் போகும் வண்டி காலியாகத்தான் போகும். ஏற்றிய பிறகாவது ஆக்ஸிஜன் இருக்கிறது, பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். காலி வண்டி போகும்போது, அங்கே ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கிடக்கிறார். இதயம் நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். சிபிஆரும் (நெஞ்சை விடாமல் அழுத்தித் தரும் முதலுதவி) இதயத்தை மீட்கக் கொடுக்கும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. தீயணைப்பு வண்டிக்கும் இதே அவசரம்தான். நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் கருவி பெரும்பாலும் அதில்தான் வருகிறது. அது நெரிசலில் மாட்டிக்கொண்டால், முன்னால் போய்ச் சேர்ந்தாலும் நான் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

"ஒதுங்க இடமே இல்லை" என்பார்கள். ஒட்டி ஒட்டி நின்ற பிறகு இடம் எப்படி இருக்கும்? ஜெர்மனியில், பல தட நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே வழி திறக்க வேண்டும் என்பது சட்டம். இடதுகோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம், மற்ற எல்லாரும் வலப்பக்கம். ஆஸ்திரியாவிலும் 2012 முதல் இப்படித்தான். சைரன் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. நீங்கள் ஓட்டும் இடத்தில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டுமோ, அதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்க முடியும். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள், பின்கண்ணாடியைப் பாருங்கள். பதற்றத்தில் எங்கள் முன்னால் சட்டென்று பிரேக் போடாதீர்கள். உள்ளே சிபிஆர் செய்பவர் பெல்ட் போடாமல் நின்றுகொண்டிருப்பார். இண்டிகேட்டர் போட்டு மெதுவாக ஒதுங்கினால் போதும். அவசர வண்டிகளுக்கான ஓரத் தடத்தில் ஏறி முந்தாதீர்கள்.

எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவர்களே, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் நுழைந்ததும் அந்த வழி மூடிவிடுகிறது. பின்னால் இன்னொரு ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வரலாம். ஒன்று கடந்துவிட்டது என்று பழைய இடத்துக்குத் திரும்பாமல், வண்டிகள் மறுபடி நகரும்வரை ஒதுங்கியே நில்லுங்கள்.