ஆன்டிவைரஸ்: தடுப்பதா, முறிப்பதா?

கேரள எல்லையிலிருக்கும் புளியரை சோதனைச்சாவடி வழியாகப் போய்வருகிறவர்களுக்கு வைரஸ் என்பது புதிய சொல் இல்லை. கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், கோழி வண்டிகளை நிறுத்திச் சக்கரத்தில் மருந்தடிப்பார்கள். செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றி ஆரியங்காவு தாண்டிப் புனலூர், கொல்லம் வரைக்கும் அனுப்புகிறவர். கணக்கெல்லாம் வீட்டுக் கணினியில்தான். போன மாதம் அந்தத் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றுகொண்டது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', கீழே ஒரு போன் நம்பர்.

"ஒரே நச்சரிப்பா இருக்கு தம்பி. நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு சொல்லுங்க" என்றார். பேச்சோடு பேச்சாக, "இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றும் கேட்டார். பெயரைச் சரியாகப் பிடித்தால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்.

வைரஸ் லத்தீன் சொல். நஞ்சு, பாம்பின் விஷம், கொழகொழத்த சாறு என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. சமஸ்கிருத 'விஷ'மும் இதே வேரில் கிளைத்ததுதான். மலையாளத்தில் அது அப்படியே விஷம். தமிழ்ச் செய்யுளில் புருஷன் புருடன் ஆனது போல விடம். ஆக, நாம் விஷம் என்று சொல்லும்போதே வைரஸின் ஒன்றுவிட்ட உறவைத்தான் சொல்கிறோம். 1898இல் நெதர்லாந்துக்காரர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க், புகையிலையில் தேமல் நோயை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு இந்தப் பெயரை வைத்தார். 1983இல் அமெரிக்காவில் ஃப்ரெட் கோஹன் என்ற மாணவர், பிற நிரல்களுக்குள் (புரோகிராம்களுக்குள்) தன்னையே நகலெடுத்துப் பரவும் ஒரு நிரலைச் செய்து காட்டியபோது, அதற்கு வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடல்மேன். ஆன்டி கிரேக்கம், 'எதிர்' என்று பொருள்.

இனி தமிழ். உடம்புக்கு வரும் வைரஸை நச்சுயிரி, தீநுண்மி என்கிறோம். கணினியில் வருவதற்கு உயிர் இல்லை, அது நிரல். அதனால் நச்சுநிரல். இந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் தமிழ் இலக்கணத்தின் நடையிலேயே பிறந்த சொல் இது. இரும்பு இருப்புப்பாதையில் 'இருப்பு' ஆகிறது. மருந்து மருத்துவத்தில் 'மருத்து' ஆகிறது. அப்படித்தான் நஞ்சு, இன்னொரு சொல்லோடு சேரும்போது 'நச்சு' ஆகிறது. 'நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்று 1008ஆம் குறளிலேயே இந்த வடிவம் இருக்கிறது. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு; நிரல்நிறை அணி படித்தவர்களுக்குத் தெரியும். கட்டளைகளை வரிசையாக அடுக்கியது நிரல். அந்த வரிசைக்குள் நஞ்சு புகுந்தால் நச்சுநிரல்.

'ஆன்டி'தான் இடறுகிறது. நச்சுநிரல் எதிர்ப்பி என்று பலரும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் அந்த மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்பது அதில் தெரியவில்லை. நம் பக்கத்தில் நஞ்சைச் சுற்றி நல்ல சொற்கள் நிறைய உண்டு. அச்சன்கோவில் சாஸ்தாவின் கையிலிருக்கும் சந்தனம் பாம்பு விஷத்தை முறிக்கும் என்பது தலைமுறைகளாக உள்ள நம்பிக்கை. மலையாளத்தில் மறுமருந்து என்பார்கள், நாம் முறிமருந்து, விஷமுறிவு என்போம். அப்படியானால் நச்சுமுறி என்று சொல்லலாமே? எனக்கும் முதலில் அந்த ஆசை இருந்தது. பழைய காலத்து வைரஸ்கள் பலவற்றைக் கோப்பிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுக் கோப்பைப் பிழைக்க வைக்க முடிந்தது. இன்று பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டால், அந்த நிரலை நீக்கினாலும் பூட்டு திறப்பதில்லை. முறிக்கிற நேரம் கடந்துவிடுகிறது. அதனால் தடுப்பிதான் சரியான சொல்: நச்சுநிரல் தடுப்பி.

சரி, எந்தத் தடுப்பி? சோதனைச்சாவடியில் இரண்டு வேலை நடக்கும். பட்டியலில் உள்ள வண்டி எண்ணா என்று பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஓட்டுகிறவரின் போக்கு சரியில்லை என்றால் ஓரம் கட்டுவார்கள். தடுப்பியும் அப்படித்தான். தெரிந்த நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியல் ஒன்று, நடத்தையைக் கவனிப்பது இன்னொன்று. பட்டியல் அன்றன்றைக்குப் புதுப்பிக்கப்பட வேண்டும். ஓசியில் கிடைக்கும் கிராக் செய்த பதிப்பை இதற்காகவே தொடக்கூடாது. பூட்டை உடைத்தவன் உள்ளே எதை வைத்தான் என்று தெரியாது.

விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்ற இரண்டு சோதனைக்கூடங்கள் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என்று 18 மதிப்பெண் போடும். பயன்பாடு என்ற பகுதியைக் கட்டாயம் பாருங்கள்; நல்ல கோப்பையும் நஞ்சு என்று பிடித்துத் தொல்லை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் இந்தச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும் என்பேன். காசு கொடுத்து வாங்குவதென்றால் சென்னையின் கே7, புனேயின் க்விக் ஹீல் போன்றவை உண்டு. முதல் வருஷத் தள்ளுபடியை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையையும் கேளுங்கள். இரண்டு தடுப்பிகளை ஒரே கணினியில் ஓட விடாதீர்கள். ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியைப் படுக்க வைத்துவிடும். அப்புறம், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் தடுப்பியை விட முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அண்ணாச்சியின் சிவப்புப் பெட்டி உலாவியில் (பிரவுசரில்) வந்த பொய். போன் நம்பரோடு வந்து நச்சரிக்கும் எதுவும் தடுப்பி இல்லை. ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்தினோம், போய்விட்டது. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதியைத் திறந்து, எப்போதோ அனுமதி கொடுத்திருந்த ஒரு முகம் தெரியாத தளத்தை நீக்கினோம். டிஃபெண்டரை முழுச் சோதனைக்கு விட்டோம், ஒன்றும் அகப்படவில்லை. முறிமருந்தாக ஒன்று மட்டும் வாங்கச் சொன்னேன்: வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க். வாரம் ஒரு முறை செருகிக் கணக்கை நகலெடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார். அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி, 'கணக்கு, சனிக்கிழமை' என்று எழுதியிருக்கிறார்.