எந்த மேடு சரியும்?

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெட் அலர்ட் விடுகிறார்கள், சரி. எந்த மேடு சரியும் என்று ஏன் சொல்ல முடியவில்லை?"

மழையளவு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது, நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. உயிரிழப்போ மிகக் குறைவு. அவலாஞ்சியில் வீடுகள் குறைவு என்பது ஒரு காரணம். மற்றது மண்ணுக்குள் இருக்கிறது.

நீலகிரியின் சார்னோகைட் பாறை காலங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. செங்குத்துச் சரிவில் அந்த மண் நிற்க ஈரமும் உதவுகிறது. கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீட்டில் நடப்பதுதான்: துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சம் நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுக்க நிரம்பினால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதோடு நிற்காது. அடியில் பாறை தடுப்பதால் நீர் அதன்மேல் தேங்கி, மேலே உள்ள மண்ணின் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கத் தொடங்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1,000 கிலோ! துகளும் துகளும் அழுந்தினால்தானே உராய்வு? அந்த அழுத்தம் குறையக் குறைய உராய்வும் குறைகிறது. சரிவில் இழுக்கும் எடை மட்டும் குறைவதில்லை. மண் துளைகளில் நிரம்பிய நீர் இப்படித் தள்ளும் அழுத்தத்துக்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். 1920-களில் கார்ல் தெர்சாகி என்ற மண் பொறியியல் அறிஞர் இதைக் கணக்காக்கினார். மண்ணைப் பற்றி இதைவிட அழகான கணக்கை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு மேட்டிலும் மண் எத்தனை ஆழம், நீர் எங்கே தேங்குகிறது என்று தெரிய வேண்டும். மக்கிய வேர் விட்ட துளை, சாலைக்காகப் பொக்லைன் வெட்டிய அடிவாரம், அடைபட்ட ஓடை, எது வேண்டுமானாலும் விடையை மாற்றிவிடும். மாவட்ட நிர்வாகத்தின் அபாய இடப் பட்டியலும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு முன்னறிவிப்பும் வட்டார அளவில் உதவும். பக்கத்துப் பக்கத்து மேடுகளைப் பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது.

தடுப்புச் சுவருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, மழை விட்டதும் வீட்டுக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள். மேலிருந்து நீர் கசிந்து இறங்க மணிக்கணக்காகும். அப்புறம், வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஊற்று கிளம்பினாலோ, தெளிந்த ஊற்று கலங்கினாலோ, நிலத்தில் வெடிப்பு விட்டாலோ, யார் அறிவிப்புக்கும் காத்திராமல் வெளியேறிவிடுங்கள்.